ஈரம் தெரியாத பத்துப் படங்கள்

மழை விட்ட பிறகு வெளியே போவதென்றால் நான் முதலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவேன். கனடாவில் இருக்கும் தங்கையின் மகள் போன வருடம் வாங்கி வந்த கண்ணாடி அது. விலை கூடியது, கண் கூச்சத்தை வெட்டும், கடலைப் பார்த்தால் அடியில் கிடக்கும் கல் தெரியும் என்றாள். தெரிகிறதுதான். வெள்ளவத்தையில் எங்கள் மாடியிலிருந்து ரயில் பாதைக்கு அப்பால் பார்த்தால் கல்லும் பாசியும் துலக்கமாகத் தெரிகின்றன. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால் நனைந்த படி காய்ந்த படி மாதிரித் தெரியும். அதனால் படிக்கட்டின் தலைமாட்டில் நின்று கண்ணாடியைக் கழற்றுவேன், காலை நீட்டித் தொட்டுப் பார்ப்பேன், பிறகுதான் இறங்குவேன். கீழ்வீட்டுக்காரர் "ரீற்றா அன்ரி கடல்ல இறங்குற மாதிரி இறங்குறா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் வேலை செய்தது காப்புறுதிக் கம்பனிகளுக்காகச் சேதம் பார்த்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில். கார் மோதினால், கடை எரிந்தால், வேலை செய்யும் இடத்தில் ஆள் விழுந்தால், அங்கே போய்ப் பார்த்துப் படம் எடுத்து அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அறிக்கை எழுதுவது மற்றவர்கள். படம் எடுத்தது நான். ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. போன மாதம், இப்போது அந்த வேலையைப் பார்க்கும் நிரோஷினி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அன்ரி, இப்ப போன்லயே ஒரு பட்டன் இருக்கு. அமத்தினா கண்ணாடியில விழுற வெளிச்சம் எல்லாம் போயிடும். அந்தப் பொலரைசர் பில்டர் இனி வாங்க வேணுமா? கந்தோர் மலருக்கு அதைப் பத்தி ஏதாவது எழுதித் தாங்கோவன்."

வேணும் என்று எழுதி அழித்தேன். வேண்டாம் என்று எழுதி அதையும் அழித்தேன். அந்தப் பில்டரைப் பற்றி எழுதுவதென்றால் புஷ்பம் அக்காவைப் பற்றி எழுத வேண்டும். அவருக்குச் சொல்லாத ஒன்றை மலரில் அச்சடித்து ஊருக்குச் சொல்வது எந்த வகையில் நியாயம் என்று தெரியவில்லை. கடைசியில், எழுதுவது, எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுவது, பிறகு நிரோஷினிக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை. படிப்பு முடிந்ததும் அந்தக் கந்தோரில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். அறிக்கைகளை அடித்து, படங்களைப் பசை பூசி ஒட்டுவதும் என் வேலை. படம் எடுத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் டோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டார். எங்கள் பெரியவர் ஞானேஸ்வரன் சேர் கெமராவைக் கொண்டுவந்து என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிள்ளை, உமக்குக் கை நடுங்குமோ?"

"நடுங்கும் சேர்."

"நல்லது. நடுங்கிற ஆக்கள் ரெண்டு தரம் பாப்பினம்."

என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தைப் பத்துப் பன்னிரண்டு பில்ம் றோல் வீணாக்கிப் பழகிக்கொண்டேன்.

ஞானேஸ்வரன் சேர் யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் குடியிருந்தார். சத்தம் போடவே மாட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். படங்கள் ஸ்ரூடியோவிலிருந்து வந்ததும் மேசையில் வரிசையாக அடுக்குவார், ஓரத்தை இரண்டு விரலால் மட்டும் பிடிப்பார், பூதக்கண்ணாடியை எடுப்பார். என்ன நடந்தது என்று ஒருபோதும் கேட்க மாட்டார். "நீர் என்ன கண்டனீர்?" என்றுதான் கேட்பார். நான் அடித்த அறிக்கையில் "படுமோசமான", "பயங்கரமான" என்று இருந்தால் மை ஊற்றுப் பேனாவால் ஒரு கோடு. சேதம் எத்தனை அங்குலம் என்று மட்டும் இருக்க வேண்டும்.

படம் எடுப்பதற்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். எந்த இடமென்றாலும் முதலில் எட்டத்தில் நின்று ஒன்று, நடுவில் நின்று ஒன்று, கிட்டப் போய் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் கொப்பியில் ஒரு வரி: இலக்கம், நின்ற இடம், தூரம், வெளிச்சம், பில்டர். படம் வந்ததும் பின்பக்கத்தில் நான் பென்சிலால் இலக்கம் போடுவேன், அவர் அதற்குக் கீழே தன் கையெழுத்தை வைப்பார். எடுத்தது நான், கையெழுத்து மட்டும் ஏன் அவருடையது என்று ஒருதரம் கேட்டேன்.

"பிழைச்சால் ஆரைக் கேக்கிறது? கையெழுத்து வைச்சவனைத்தானே," என்றார்.

எனக்கு அப்போது அது பெரியவர்களின் மிடுக்காகப் பட்டது.

பொலரைசர் எனக்குக் கிடைத்தது காருக்காக. இங்கே வாகனத்தின் முன்கண்ணாடியில் வருட லைசன் ஒட்டியிருக்கும். விபத்துப்பட்ட வாகனத்துக்கு அந்த லைசன் காலாவதியாகிவிட்டதா என்பதைப் படத்தில் வாசிக்க முடிய வேண்டும். ஆனால் கண்ணாடியில் வானமும் மரமும் விழுந்து ஒன்றும் தெரியாது. பொலரைசர் என்பது சாம்பல் நிறக் கண்ணாடி போட்ட ஒரு வளையம். லென்ஸின் முகத்தில் பூட்டிவிட்டு, உள்ளே பார்த்துக்கொண்டே வளையத்தைச் சுழற்ற வேண்டும். சுழற்றச் சுழற்றக் கண்ணாடியில் விழுந்த வானம் மங்கும். ஒரு இடத்தில் சட்டென்று வானமே இருக்காது. லைசன், சாமிப்படம், சாரதி வைத்துவிட்டுப் போன வெற்றிலைச் சரை எல்லாம் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு லொறி விஷயத்தில் நான் அப்படி எடுத்த படத்தில் லைசன் முடிந்து ஐந்து நாள் என்று தெளிவாகத் தெரிந்தது. சேர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு "நல்லது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் விழுவதற்கு ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அந்த வளையத்தை நான் கழற்றவே இல்லை. அது எப்போதும் லென்ஸில் இருந்தபடியால் கொப்பியில் பில்டர் என்ற இடத்தை நிரப்புவதையும் விட்டுவிட்டேன்.

இனிப் பேலியகொடைக்கு வருகிறேன்.

அங்கே மீனை வெட்டிப் பொதி செய்யும் ஒரு தனியார் இடம். அங்கே வேலை செய்த புஷ்பம் என்ற பெண், மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருந்தவர், மீன் பெட்டியோடு விழுந்து தொடை எலும்பின் மேல்பக்கத்தை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பை இணைக்க உள்ளே வைக்கும் தகட்டை வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. காப்புறுதி ஒத்துக்கொண்டால் தகடு வரும். இல்லையென்றால் அதை வாங்க அவருக்கு வழியில்லை. நாள் போகப் போக எலும்பு கோணலாக ஒட்டிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம்.

எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. தரை ஈரமா, காய்ந்ததா? தரையைப் பின்னேரம் வேலை முடிந்துதான் கழுவுகிறோம், பகலில் காய்ந்தே இருக்கும், இவர் விதியை மீறி ஓடினார் என்றார்கள் நிர்வாகத்தினர். ஐஸ் உருகி நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும், நான் ஓடவில்லை என்றார் புஷ்பம். கூட வேலை செய்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

சேர் அன்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. "சொல்லாமல் போம். அந்த மனிசி விழுந்த அதே நேரத்துக்குப் போம்," என்று சொல்லி என்னைத் தனியாக அனுப்பினார். போகும் வழியில் வேறொரு கோரிக்கைக்காகப் பக்கத்து முற்றத்தில் நின்ற ஒரு வான் வண்டியின் லைசனைப் படம் எடுத்தேன், வளையத்தைச் சுழற்றி, வானத்தைப் போக்கி. பிறகு நேரே மீன் இடத்துக்குள் போனேன். வளையத்தைத் தொடவில்லை. முகாமையாளர் முகத்தைச் சுழித்துக்கொண்டு கூடவே வந்தார். எனக்குப் படபடப்பு. பதினொரு படம் எடுத்தேன். என் செருப்புக்குள் தண்ணீர் போனது, விரலிடுக்கில் குளிர்ந்தது. ஈரம்தான், படத்தில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன், கொப்பியில் எழுதவில்லை. கொப்பியில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, படங்கள் வந்தன. சேர் அடுக்கினார். சாம்பல் நிறத் தரை ஓடுகள். ஓடுகளுக்கு இடையில் இருந்த கோடுகள் கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பளபளப்பு இல்லை.

"பிள்ளை, தரை எப்பிடி இருந்தது?"

நான் படங்களைப் பார்த்தேன். என் கால் சொன்னதை நான் மறந்தே போனேன். இதை எத்தனையோ தரம் எனக்குள் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பதினொரு படம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது, மூன்று நாளுக்கு முந்தின ஒரு குளிர் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"காய்ஞ்சு இருந்தது சேர்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீர் கண்டனீரோ, படத்தைப் பாத்துச் சொல்லுறீரோ?"

"கண்டனான் சேர்."

"தரை உலர்ந்திருந்தது" என்ற வரியை என் விரல்தான் டைப் அடித்தது. சேர் கையெழுத்து வைத்தார். பின்னேரம் மூன்று மணிக்குக் கந்தோர்ப் பியோன் அறிக்கையைக் காப்புறுதிக் கம்பனியில் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில் கையில் விளக்குமாறோடு நிற்கிறார்.

"மகள், இந்தச் செருப்பை எங்கயாவது கொண்டுபோய் எறி. மூணு நாளா ஒழுங்கை முழுக்கப் பூனை. கழுவியும் நாத்தம் போகேல்ல. இப்பவும் ஒண்டு கவ்விக்கொண்டு ஓடப் பாத்தது."

வாரை மட்டும் பல்லால் கடித்துக் கிழித்திருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்தேன். அடியில் இரண்டு மீன் செதில் ஒட்டியிருந்தது. காய்ந்த தரையில் நடந்தவளுடைய செருப்பைப் பூனை ஏன் இழுக்கிறது? அந்தக் குளிர் விரலிடுக்குக்குத் திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஒரு கடை பார்க்க வேண்டியிருந்ததால் கெமரா என்னிடம் இருந்தது. அடுப்படியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் சிவப்புச் சீமெந்துத் தரையில் ஊற்றினேன். அம்மா "உனக்கென்ன விசரா?" என்றார். கெமராவுக்குள்ளால் பார்த்தேன். தண்ணீர் இல்லை. வளையத்தைச் சுழற்றினேன். ஜன்னல் வெளிச்சம் தரையில் பளிச்சென்று வந்தது. இன்னும் சுழற்றினேன். போய்விட்டது. கண்ணாடியில் விழும் வானத்தை எடுப்பது மாதிரித் தண்ணீரில் விழும் வெளிச்சத்தையும் அது எடுத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. வெளிச்சம் போனால் ஈரமும் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு மனுஷியை நான் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

சனிக்கிழமை அந்தக் கடையைப் பார்க்கப் போகவில்லை. கெமராவைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழ் அடையாள அட்டையோடு கெமராவையும் தூக்கிக்கொண்டு கொழும்பில் போவது எத்தனை பயம் என்பது இப்போது சொன்னால் விளங்காது. கோட்டைக்குப் பக்கத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் பையைத் திறந்து "மே மொகத்த?" என்றான், இது என்ன என்று. கந்தோர்க் கடிதத்தைக் காட்டினேன். சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னேன். அவன் அந்தப் பொலரைசர் வளையத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். எனக்கு அவனைப் பற்றிய பயத்தை விட, வேலை போய்விடும் என்ற பயமும், அதற்கு மேல் அந்தத் தகட்டைப் பற்றிய பயமும் இருந்தது. அவன் சிரித்துவிட்டுப் பையைத் திருப்பித் தந்தான்.

சேர் சாரத்தோடு கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பூனை உட்பட. சேர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குக் குடிக்கத்தான் என்று கையை நீட்டினேன். அவர் அதைத் தரையில் ஊற்றினார்.

கெமராவை வாங்கிப் பார்த்தார். வளையத்தை ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கதிரையில் இருந்து பார்த்தார், எழும்பிப் பார்த்தார். கால் மணி நேரம் இருக்கும். அவருடைய மனைவி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சேர் கெமராவைச் சரித்து நிமிர்த்திப் பிடித்தார், ஆள் படம் எடுக்கிற மாதிரி. அப்படியே நின்றார்.

"பிள்ளை, இங்க வாரும். பாரும்."

படுக்கையாகப் பிடித்தால் தண்ணீர் இல்லை. வளையத்தைத் தொடாமல் கெமராவை மட்டும் நிமிர்த்தினால் தண்ணீர் பளபளவென்று இருந்தது. கெமரா நிமிரும்போது வளையமும் கூடவே திரும்பிவிடுகிறது.

"பதினொரு படத்தில நிமித்திப் பிடிச்சு எடுத்தது உண்டோ?"

நினைத்துப் பார்த்தேன். "ஒண்டு சேர். கதவு. கதவு உயரம் எண்டபடியால்."

"அதில தரை தெரியுமோ?"

"தெரியாது சேர். ஞாபகம் இல்லை."

படங்களின் எங்கள் பிரதி கந்தோரில். சாவி பியோனிடம். பியோன் சிலாபத்துக்குப் போயிருந்தார். ஞாயிறு கோயிலில் நான் முழந்தாளில் இருந்தேனே தவிர ஒரு செபமும் வரவில்லை. கதவும் தரையும் மட்டும் மாறி மாறி வந்தன. கதவை மட்டும் எடுத்தேனா, கதவடியையும் சேர்த்து எடுத்தேனா? எட்டத்தில் நின்று எடுத்தேனா, கிட்ட நின்றா? படம் எடுத்த எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை எனக்கு முதலே சேர் வந்திருந்தார். ஒன்பதாம் படத்தை மேசையில் தனியாக வைத்திருந்தார். கதவு. கதவுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குத் தரை. அந்த இரண்டு விரலில் கூரையின் டியூப் லைட் தலைகீழாக, நெளிந்து நெளிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை அதை நாங்கள் இருவருமே கதவடியில் பதித்த தகரம் என்று நினைத்திருந்தோம். நான் கதிரையில் இருந்து அழுதேன். நான் அழுது முடியும்வரை சேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகத்தைக் கழுவும். பேலியகொடைக்குப் போவம்."

போனோம். தரை முழுக்கப் புது றப்பர் விரிப்பு. இனிப் படம் எடுத்துப் பயனில்லை. ஒன்பதாம் படமும் என் வாயும்தான் மிச்சம். காப்புறுதிக் கம்பனியில் ஒரு நீண்ட மேசைக்கு முன்னால் நின்று, தரை ஈரமாக இருந்ததை நான் கண்டேன், அதில் நடந்தேன், பிழையாகச் சொன்னேன் என்று சொன்னேன். ஒருவர் செருப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சேர் தன் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார். அவருடைய தொழிலில் அப்படி ஒரு கடிதம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவர்கள் அறிக்கை கிடைத்த கையோடு மறுத்து அனுப்பிவிட்ட கோரிக்கையைத் திரும்ப எடுத்துத் தகட்டுக்கு ஒத்துக்கொள்ள மூன்று கிழமை போனது.

அந்த மூன்று கிழமையில் எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கிவிட்டது. ஒப்பரேஷன் செய்தார்கள். ஆனால் ஒரு கால் ஒரு விரலளவு கட்டை.

சேர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. பழைய படங்களையெல்லாம் என்னைக் கொண்டே திரும்பப் பார்க்க வைத்தார். அதன் பிறகு பில்டர் போட்டு ஒரு படம் எடுத்தால் போடாமல் ஒன்றும் எடுக்க வேண்டும். கொப்பியில் "கண்டது" என்று ஒரு இடம் புதிதாக வந்தது. ஒருநாள் பின்னேரம் மட்டும் "நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். யாரைப் பார்க்க என்று நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துப் புஷ்பம் அக்கா விலாசம் விசாரித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை தேயிலைத்தூள், தோட்டத்திலிருந்து அண்ணன் அனுப்பியது. அம்மா அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார். அவர் வாசலில் காலை வைக்கப் போனதும் நான் "நில்லுங்கோ!" என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு நின்று, பிறகு சிரித்தார்.

"ஈரம்தானேங்க மிஸ். தெரியுது."

எனக்காகப் பெரிய எடத்துல போய்ப் பேசினீங்களாமே, கம்பனிக்காரங்க சொன்னாங்க, என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை நான் விடுவித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார், குடித்தோம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் காண்போம், சுகம் விசாரிப்போம். ஒவ்வொரு செவ்வாயும் இன்றைக்குச் சொல்லுவோம் என்று போவேன். அவர் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வருவதைக் கண்டதும் வாய் அடைத்துவிடும். ஞானேஸ்வரன் சேர் இறந்துபோனபோது அதை மட்டும் சொன்னேன். புஷ்பம் அக்கா "யாரு, அந்தப் பெரியவரா?" என்று கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் பட்டது.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன செவ்வாய் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் இப்போது வடை சுட்டு இரண்டு கடைக்குக் கொடுக்கிறார். மாவு ஆட்டிக்கொண்டிருந்தார், நான் கட்டிலின் ஓரத்தில் இருந்து வாசித்தேன். பில்டர் வந்த இடத்தில் கிரைண்டரை நிறுத்தினார். "கண்டனான் சேர்" என்ற இடத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்தேன்.

"அந்தப் படத்த நீங்களா எடுத்தீங்க?"

"ஓம்."

"அந்தப் பெரியவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாருங்க. படம் பெழச்சிருச்சு, அதனாலதான் தகடு வரத் தாமதம்னாரு. யாரு எடுத்தான்னு கேட்டேன். நான்தான் எடுத்தேன், என் கையெழுத்துதான் இருக்குன்னாரு."

அவர் மாவுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த மனுசனத் திட்டியிருக்கேன். செத்துட்டாருன்னு நீங்க சொன்ன அன்னைக்கும் மனசுக்குள்ள திட்டினேன்."

"என்னைத் திட்டுங்கோ அக்கா," என்றேன்.

அவர் எழும்பிக் கையைக் கழுவினார்.

"அவரு வீட்டுல யாரும் இருக்காங்களா?"

"அவரின்ட மனிசி இருக்கிறா. வெள்ளவத்தையில, அதே வீடு."

"கூட்டிட்டுப் போங்க," என்றார். வடைக்கு ஆட்டிய மாவை மூடி வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் பக்கத்துச் சீட் கிடைத்தது. வெள்ளவத்தை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் இறங்கும் நேரம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ்ஸின் படி நனைந்திருந்தது. நான் முதலில் இறங்கி நின்று அவருக்குக் கையை நீட்டினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டைக் காலை முதலில் வைத்து, தானே இறங்கினார்.